அன்னா மணி: வெயிலையும் காத்தையும் ஒழுங்கா அளக்க வச்சவங்க – அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

யாருங்க இந்த அன்னா மணி? பேரே கேள்விப்பட்டதில்லையே?

நிறைய பேருக்கு தெரியாதுதான், 2022 ஆகஸ்ட் 23ல கூகுள் முகப்புல அவங்க படம் வந்தப்போதான் பலருக்கு பேரே தெரிஞ்சுது. இந்தியாவுல மழை, வெயில், காத்து, காத்தழுத்தம், ஓசோன் இதையெல்லாம் அளக்குற கருவிகளை நம்ம நாட்டுலயே செஞ்சு, அது காட்டுற நம்பரை நம்பலாம்ங்கிற நிலைமைக்கு கொண்டு வந்த இயற்பியலாளர். இந்திய வானிலை ஆய்வுத் துறைல 1948ல சேர்ந்து 1976ல துணை டைரக்டர் ஜெனரலா ரிட்டயர் ஆனாங்க. நாம சத்யேந்திரநாத் போஸ், ராமானுஜன்னு தியரி சொன்னவங்கள கொண்டாடுறோம், கொண்டாடணும்தான், ஆனா அளக்குறவங்க இல்லன்னா தியரி சரியா தப்பான்னு யாருக்கு தெரியும்? அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

எந்த ஊரு? தமிழா?

இல்ல, மலையாளி. 1918 ஆகஸ்ட் 23ல பீர்மேட்ல பொறந்தாங்க, அப்போ அது திருவிதாங்கூர் சமஸ்தானம், இப்போ கேரளா இடுக்கி மாவட்டம். சிரியன் கிறிஸ்தவ குடும்பம், அப்பா சிவில் இன்ஜினியர், ஏலக்காய் எஸ்டேட்டும் இருந்துச்சு. வீட்ல எட்டு பிள்ளைங்க, இவங்க ஏழாவது. எட்டாவது பிறந்தநாளுக்கு அந்தக் குடும்பத்து வழக்கப்படி வைரத் தோடு (கம்மல்) வாங்கித் தர வந்தப்போ, அது வேணாம், பிரிட்டானிக்கா என்சைக்ளோபீடியா செட் வாங்கிக் குடுங்கன்னு கேட்டு வாங்கினவங்க. வைக்கம் சத்தியாகிரகம் நடந்த சமயம், காந்தி அந்தப் பக்கம் வந்துட்டுப் போனதுல மனசு மாறி கதர் போட ஆரம்பிச்சாங்க.

சென்னைல படிச்சாங்கன்னு சொல்றாங்களே?

ஆமா, மாநிலக் கல்லூரிதான். 1939ல அங்க இயற்பியல், வேதியியல்ல பி.எஸ்சி. ஆனர்ஸ் முடிச்சாங்க. அந்த "ஆனர்ஸ்"ங்கிறத ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ பிஎச்.டி. கதை வரும்போது தேவைப்படும். 1940ல பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல ஸ்காலர்ஷிப் கிடைச்சு சி.வி. ராமனோட லேபுக்குப் போனாங்க.

ராமன் லேப்ல என்ன ஆராய்ச்சி?

வைரம். ராமனுக்கு அப்போ வைரத்து மேல பெரிய பித்து, பல ஊர்ல இருந்தும் ஆப்பிரிக்காவுல இருந்தும் வைரம் சேத்து வச்சிருந்தாரு. அன்னா மணி முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்கள எடுத்து ஒவ்வொண்ணும் வெளிச்சத்த எப்படி உறிஞ்சுது, எப்படி திருப்பி ஒளிருது, ராமன் நிறமாலை (சிதறுற வெளிச்சத்துல நிறம் மாறி வர்ற கோடுகள்) எப்படி இருக்குன்னு பதிவு பண்ணாங்க.

இத ஒரு வரில சொல்லிட்டா ஈசியா தெரியும், ஆனா வேலை எப்படின்னு பாருங்க. வைரம் விடுற ஒளிர்வு ரொம்ப மங்கல், அதுவும் கல்லை திரவக் காத்துல குளிர வச்சாதான் கோடுகள் கூர்மையா தெரியும். நிறமாலைமானி (வெளிச்சத்த நிறம் நிறமா பிரிக்கிற கருவி) வழியா அந்த வெளிச்சம் ஒரு போட்டோகிராஃபிக் பிளேட்ல விழுந்து பதியணும், ஒரே ஒரு பிளேட் பதியிறதுக்கே 15-லருந்து 20 மணி நேரம் ஆகும். அவ்ளோ நேரமும் ஸ்லிட் (வெளிச்சம் உள்ள போற மெல்லிய இடுக்கு) ஆடக்கூடாது, குளிர் குறையக்கூடாது, வேற வெளிச்சம் உள்ள வரக்கூடாது, நடுவுல ஏதாவது ஒண்ணு சொதப்புனா மொத்த பிளேட்டும் வேஸ்ட், மறுபடியும் மொதல்ல இருந்து. ராத்திரி லேபுலயே தூங்கி எழுந்துதான் இத செஞ்சாங்க. 1942-லருந்து 1945க்குள்ள தன் பேர் மட்டும் போட்டு அஞ்சு பேப்பர் வெளியிட்டாங்க.

கண்டுபிடிச்சது என்னன்னா, நீலமா ஒளிருற வைரத்துல 4152 ஆங்ஸ்ட்ராம்ல (ஒளியோட அலைநீளத்த சொல்ற அலகு) ஒரு கூர்மையான கோடு, பச்சையா ஒளிருறதுல 5032ல ஒண்ணு, அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம் உறிஞ்சுற பட்டைகளும் மறுபக்கம் ஒளிருற பட்டைகளும் சமச்சீரா நிக்குது. வைரத்துக்குள்ள மாட்டிக்கிட்ட நைட்ரஜனும் காலி அணு இடங்களும்தான் இதுக்கு காரணம்னு பின்னாடி வந்தவங்க விளக்குனாங்க, ரத்தினக்கல் சோதிக்கிற லேப்கள்ல இன்னைக்கும் பாக்குற கோடுகள்ல இந்த ரெண்டும் உண்டு. இதுல கவனிக்க வேண்டியது, வைரத்தோட அமைப்பு பத்தி ராமன் வச்சிருந்த தியரி பின்னாடி நிக்கல, அந்த அம்மா எடுத்த அளவுகள் நின்னுச்சு.

அப்புறம் ஏன் டாக்டர் அன்னா மணின்னு போடறதில்ல?

பட்டம் குடுக்கல, அதான். அப்போ இந்திய அறிவியல் கழகம் தானா பட்டம் தர்றதில்ல, ஆராய்ச்சிய முடிச்சு மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு அனுப்பணும். 1945 ஆகஸ்ட்ல ஆய்வேட்ட அனுப்பினாங்க. எம்.எஸ்சி. இல்ல, அதனால பிஎச்.டி. கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. அவங்க வாங்கின ஆனர்ஸ் டிகிரி, ஆராய்ச்சிக்கு ஸ்காலர்ஷிப் குடுக்கறப்போ போதுமானதா இருந்துச்சு, அஞ்சு பேப்பர் போடறப்போ போதுமானதா இருந்துச்சு, பட்டம் தர்றப்போ மட்டும் போதல. அந்த ஆய்வேடு ராமன் ஆராய்ச்சி நிலைய லைப்ரரில மத்த பிஎச்.டி. ஆய்வேடுகளோட சேர்ந்து அதே மாதிரி பைண்ட் ஆகி இருக்கு, வெளிய பாத்தா எதுக்கு பட்டம் கிடைச்சுது எதுக்கு கிடைக்கலன்னு வித்தியாசமே தெரியாது. அவங்க இத பெருசா எடுத்துக்கல, பட்டம் இல்லாததால தனக்கு ஒண்ணும் குறைஞ்சிடலன்னுதான் பிற்காலத்துல சொன்னாங்க. அது அவங்க பெருந்தன்மை. நமக்கு கோவம் வரணும்னுதான் நான் நினைக்கிறேன், ஏன்னா படிச்சவங்க அத்தனை பேர் உக்காந்து எடுத்த முடிவு இது.

ராமன் லேப்ல பொண்ணுங்க நிலைமை எப்படி இருந்துச்சு?

ரொம்ப கம்மி பேர்தான் இருந்தாங்க. லலிதா (பின்னாடி விண்வெளி இயற்பியலாளர் சந்திரசேகரோட மனைவி ஆனவங்க), சுனந்தா பாய், அன்னா மணி, இந்த மூணு பேர் பேர்தான் பெருசா அடிபடும். சுனந்தா பாய்க்கும் ஆய்வேடு இருந்தும் பிஎச்.டி. கிடைக்கல. ஆம்பளைங்களும் பொம்பளைங்களும் கலந்து பேசறது ராமனுக்கு பிடிக்காது, அதனால லேபுல எல்லாரும் சேர்ந்து நிறமாலை பத்தி வாக்குவாதம் பண்ணிக் கத்துக்கறது பாத்தீங்களா, அந்த வாய்ப்பு இவங்களுக்கு பாதிக்கு மேல இல்ல. இதுக்கு முன்னாடி 1933ல கமலா பாக்வத் (கமலா சோஹோனி) அதே கழகத்துல சேர வந்தப்போ பொண்ணுன்னு சொல்லியே ராமன் மொதல்ல மறுத்தாரு, அவங்க விடாம நின்னு சேர்ந்தாங்க. ராமன் பெரிய விஞ்ஞானி, அதுல சந்தேகமே இல்ல, அதுக்காக இத மறைக்கணும்னு அவசியம் இல்ல. அன்னா மணிக்கு ராமன் மேல கடைசி வரைக்கும் பெரிய மரியாதை இருந்துச்சு, அதையும் சேத்தே சொல்லணும்.

வைரத்துல இருந்து வானிலைக்கு எப்படி போனாங்க?

தற்செயல்தான். 1945ல அரசாங்க ஸ்காலர்ஷிப்ல இங்கிலாந்து போனாங்க, போர் முடிஞ்ச சமயம், படை வீரர்கள ஏத்திட்டுப் போற கப்பல்ல பயணம். இயற்பியல் படிக்கணும்னுதான் ஆசை, ஆனா இருந்த ஒரே பயிற்சி வானிலைக் கருவிகள்ல. சரின்னு எடுத்துக்கிட்டாங்க. லண்டன் இம்பீரியல் காலேஜ் வழியா போய், கருவிகள எப்படி செய்றாங்க, எப்படி சோதிக்கிறாங்க, எப்படி ஒண்ணோட ஒண்ண ஒப்பிட்டு திருத்துறாங்கன்னு முழுசா கத்துக்கிட்டு 1948ல திரும்பினாங்க. நாடு சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம். புனே வானிலை ஆபீஸ்ல கருவிகள் பிரிவுல எஸ்.பி. வெங்கடேஸ்வரன் தலைமைல சேர்ந்தாங்க. அவருக்கும் இதே வெறி, எல்லாத்தையும் இங்கயே செய்யணும்னு. கொஞ்ச நாள்ல அந்தப் பிரிவையே அன்னா மணி நடத்த ஆரம்பிச்சாங்க, கீழ 121 ஆம்பளைங்க வேலை பாத்தாங்க.

மழைமானி செய்றதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? ஒரு டப்பாதானே?

இந்தக் கேள்விய நிறைய பேர் கேக்குறாங்க, நல்ல கேள்வி. அதுவரைக்கும் மழைமானி, காத்தழுத்தமானி மாதிரி சாதாரணமானது கூட வெளிநாட்டுல இருந்துதான் வரும். ஏன் வரணும், நம்மூர் பட்டறைல தட்ட முடியாதான்னா, தட்டலாம், ஆனா இத பாருங்க.

பழைய சைமன்ஸ் மழைமானில மேல வாய் விட்டம் 127 மில்லிமீட்டர். ஒரு பட்டறைல அத 128ஆ செஞ்சுட்டாங்கன்னு வைங்க, ஒரே ஒரு மில்லிமீட்டர். பரப்பளவு கிட்டத்தட்ட 1.6 சதவீதம் கூடிடும், அளவுஜாடி பழைய கணக்குக்கு கோடு போட்டது, அப்போ 1000 மில்லிமீட்டர் மழை பேஞ்சா அது 1016ன்னு காட்டும். இன்னொரு ஊர்ல 126ஆ செஞ்சிருப்பாங்க, அங்க கம்மியா காட்டும். ரெண்டு தாலுகா ஆபீஸ் வாசல்ல ரெண்டு டப்பா, தினமும் காலைல எட்டரைக்கு ஒருத்தர் வந்து ஒழுங்கா அளந்து நோட்ல எழுதுறாரு, எழுதறவர் மேல தப்பே இல்ல, நம்பர் மட்டும் தப்பு. விளிம்பு கூரா இல்லாம மழுங்கி இருந்தா துளி தெறிச்சு இன்னும் மோசம். அந்த நம்பர வச்சுதான் அணை எவ்ளோ உயரம் கட்டணும், பாலம் எவ்ளோ அகலம் வேணும், வறட்சி மாவட்டமா இல்லையான்னு முடிவு பண்ணுவாங்க.

அன்னா மணி செஞ்சது, கிட்டத்தட்ட 100 வானிலைக் கருவிகளுக்கு முழு வரைபடம் போட்டு தரப்படுத்தினது. எந்தப் பாகம் எந்த அளவு, எவ்ளோ வித்தியாசம் வரைக்கும் அனுமதி, எதுல செய்யணும், செஞ்சு முடிச்சதும் எதோட ஒப்பிட்டு பாக்கணும்னு எல்லாம் எழுத்துல. அதுக்கப்புறம்தான் உள்ளூர்ல தயாரிப்பு ஆரம்பிச்சுது. தப்பா அளக்குறதுக்கு அளக்காமலே இருக்கறது மேல்ங்கிறது அவங்க பிடிவாதமான கொள்கை. ஏன்னா அளக்கலன்னா தெரியலன்னாவது தெரியும், தப்பா அளந்தா தெரிஞ்ச மாதிரியே தப்பு பண்ணுவோம்.

வெயில எப்படிங்க அளக்குறது?

ரெண்டு விதம், ரெண்டும் வேற வேற விஷயம், நிறைய பேர் குழப்பிக்குவாங்க.

ஒண்ணு, எவ்ளோ நேரம் வெயில் அடிச்சுதுன்னு பாக்கறது. பழைய வானிலை நிலையத்துக்குப் போனா ஒரு கண்ணாடி உருண்டை பாத்திருப்பீங்க, உள்ள எதுவும் கிடையாது, முழுக்க கண்ணாடி. சூரிய வெளிச்சத்த குவிச்சு பின்னாடி வளைச்சு வச்ச அட்டைல பொசுக்கும், சூரியன் நகர நகர பொசுங்குன கோடும் நகரும், மேகம் மறைச்சா கோடு நிக்கும். சாயந்தரம் அட்டைய உருவி கோட்டோட நீளத்த அளந்தா எத்தன மணி நேரம்னு வந்துடும். அழகான கருவி, ஆனா எவ்ளோ சக்தி வந்துச்சுன்னு சொல்லாது.

சக்தி தெரியணும்னா பைரனோமீட்டர் வேணும். கண்ணாடிக் கவிகைக்குள்ள கருப்பு பூசின ஒரு தகடு, வெயில் பட்டா சூடாகும், அந்தச் சூட்ட தெர்மோகப்பிள் வரிசை மின்னழுத்தமா மாத்தும், அது சில மில்லிவோல்ட்தான் வரும். கருப்பு பூச்சு வெளுத்தா அளவு மாறும், கவிகைல தூசி, பனி, பறவை எச்சம் எது விழுந்தாலும் மாறும், சாய்வா வச்சா மாறும். அதனால வருஷா வருஷம் தரக் கருவியோட (சரியா காட்டும்னு சோதிச்சு வச்ச கருவி) பக்கத்துல வச்சு ஒப்பிட்டாகணும். 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டுக்கு (பல நாடுகள் சேர்ந்து பூமிய ஆராய்ஞ்ச திட்டம்) நாடு முழுக்க சூரியக் கதிர்வீச்சு அளக்குற நிலையங்கள அன்னா மணி அமைச்சாங்க. மொதல்ல வெளிநாட்டுக் கருவி, சீக்கிரமே அதையும் இங்கயே வடிவமைச்சு செஞ்சாங்க. பெட்ரோல் விலை ஏறி உலகம் சூரிய சக்தி பத்தி பேச ஆரம்பிச்சது 1973க்கு அப்புறம். இவங்க அதுக்கு 15 வருஷம் முன்னாடியே அளந்துட்டு இருந்தாங்க, இத நெனச்சாலே எனக்கு சிலிர்க்கும். அந்த டேட்டாவ தொகுத்து 1980ல இந்தியாவுக்கான சூரியக் கதிர்வீச்சு கையேடு ஒண்ணும், தொடர்ந்து இன்னொரு புத்தகமும் போட்டாங்க, நம்மூர் சோலார் இன்ஜினியர்கள் பல வருஷம் அத வச்சுதான் கணக்கு போட்டாங்க.

ஓசோனுக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்?

ஓசோன் ஓட்டை பத்தி உலகம் பயந்தது 1985ல. இவங்க 1960கள்லயே பலூன்ல அனுப்பி ஓசோன் அளக்குற கருவிய இந்தியாவுல உருவாக்குற வேலைல இறங்கிட்டாங்க. ஒரு சின்ன பம்ப் வெளிக்காத்த உறிஞ்சி பொட்டாசியம் அயோடைடு கரைசல்ல குமிழ் விடும், ஓசோன் இருந்தா அயோடின் பிரியும், பிரியிற அளவுக்கு ஏத்த மாதிரி மைக்ரோ ஆம்பியர் கணக்குல கரண்ட் ஓடும், அத ரேடியோ கீழ அனுப்பும். மேல மைனஸ் 70, 80 டிகிரி, காத்தழுத்தம் கிட்டத்தட்ட இல்ல, கரைசல் உறையக்கூடாது, பம்ப் நிக்கக்கூடாது. சொந்தமா இந்தக் கருவி வச்சிருந்த நாடுகள் அப்போ விரல் விட்டு எண்ணலாம், இந்தியா அதுல ஒண்ணு. அண்டார்டிகாவுல நம்ம நிலையத்துல இருந்தும் பின்னாடி இந்தியக் கருவிதான் பறந்துச்சு. சர்வதேச ஓசோன் கமிஷன்ல அவங்க உறுப்பினராவும் இருந்தாங்க.

தும்பா ராக்கெட்லயும் பங்கு இருக்காமே?

இருக்கு. 1963ல இந்திய விண்வெளித் திட்டத்த தொடங்கின விக்ரம் சாராபாய் கேட்டு, தும்பா ராக்கெட் தளத்துல வானிலை நிலையமும் கருவிக் கோபுரமும் அமைச்சுக் குடுத்தாங்க. கடற்கரைல காத்து திசை, வேகம் தெரியாம அவ்ளோ சின்ன ராக்கெட்ட ஏவ முடியாது, கொஞ்சம் திசை மாறுனாலும் விழுற இடம் மாறிடும்.

முப்பந்தல்ல இருக்கிற காத்தாடிக்கெல்லாம் இவங்கதான் காரணமா?

இவங்க மட்டும் காரணம்னு சொன்னா அது தப்பு, ஆனா நிச்சயமா பெரிய பங்கு உண்டு. ரிட்டயர் ஆனதும் ராமன் ஆராய்ச்சி நிலையத்துல மூணு வருஷம் இருந்தாங்க, அப்புறம் பெங்களூருல காத்து வேகம், சூரிய சக்தி அளக்குற கருவி செய்ய ஒரு சின்ன பட்டறை ஆரம்பிச்சாங்க. காத்துல இருந்து கிடைக்கிற சக்தி வேகத்தோட மும்மடிப்பெருக்கத்துக்கு (வேகம் x வேகம் x வேகம்) ஏத்தது. நொடிக்கு 5 மீட்டர் வீசுற இடத்த விட 6 மீட்டர் வீசுற இடத்துல 73 சதவீதம் அதிக சக்தி, ஒரே ஒரு மீட்டர்தான் வித்தியாசம். அளவுல 10 சதவீதம் கூட்டிக் காட்டுனா சக்திக் கணக்கு 33 சதவீதம் தப்பு, பாங்க் கடன் வாங்கி காத்தாடி நட்டவன் கதி என்ன ஆகும்? பழைய வானிலை நிலையங்கள்ல பல இடத்துல சுத்தி மரமும் கட்டிடமும் வளந்துடுச்சு, அந்த டேட்டா இதுக்கு உதவாது. அதனால புதுசா திறந்தவெளில உயரமான கம்பம் நட்டு மணிக்கு மணி அளந்தாங்க. 1983ல ஒரு காத்து டேட்டா தொகுப்பு, 1990-லருந்து இந்தியாவின் காற்றாற்றல் வள ஆய்வுன்னு வரிசையா தொகுதிகள், எல்லாம் 65, 70 வயசு தாண்டின பிறகு.

தமிழ்நாட்டுக்கு இதுல கிடைச்ச லாபம் கண்ணுக்கு முன்னாடி நிக்குது. தென்மேற்குப் பருவக்காத்து மேற்குத் தொடர்ச்சி மலைல இருக்கிற இடைவெளி வழியா நெருங்கிப் பாயிற இடங்கள்தான் நமக்கு சொத்து, ஆரல்வாய்மொழி கணவாய்ல முப்பந்தல், செங்கோட்டை பக்கத்துக்கு கயத்தாறு, பாலக்காட்டு பக்கத்துக்கு பல்லடம், உடுமலை. அங்க காத்து அடிக்கும்னு ஆடு மேய்க்கிறவருக்கும் தெரியும், ஆனா வருஷம் முழுக்க எவ்ளோன்னு நம்பரா சொன்னாதான் முதலீடு வரும்.

விருது, குடும்பம், கடைசி காலம்?

கல்யாணம் பண்ணிக்கல. 1987ல கே.ஆர். ராமநாதன் பதக்கம் கிடைச்சுது, அவரும் ராமனோட மாணவர்தான். பொண்ணா இருந்து எப்படி சாதிச்சீங்கன்னு கேட்டா அவங்களுக்கு பிடிக்காது, இதுல என்ன பெரிய விஷயம், வேலைய செஞ்சேன்னு சொல்லுவாங்க. 1994ல பக்கவாதம் வந்துச்சு, 2001 ஆகஸ்ட் 16ல திருவனந்தபுரத்துல காலமானாங்க.

நான் வீட்டு மாடில சோலார் போடப் போறேன், இவங்க கதை எனக்கு எதுக்கு?

கொட்டேஷன்ல "ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட்"னு போட்டிருப்பாங்க பாருங்க, அது எங்க இருந்து வருது? ஒரு கிலோவாட் பேனல்னா, சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் வெயில் விழுறப்போ ஒரு கிலோவாட் தர்றது, அதனால இழப்பு இல்லன்னா எத்தன யூனிட் வெயிலோ அத்தன யூனிட் கரண்ட்னு கணக்கு. தமிழ்நாட்டுல ஒரு சதுர மீட்டர்ல ஒரு நாளைக்கு சுமாரா 5-லருந்து 5.5 யூனிட் அளவுக்கு வெயில் சக்தி விழுது, அதுல சூடு, தூசி, இன்வெர்ட்டர் இழப்பெல்லாம் கழிச்சா 4 வரும். இப்போ சேட்டிலைட் வச்சு கணிக்கிறாங்க, சென்னை பள்ளிக்கரணைல இருக்கிற தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் நாடு முழுக்க தரைல கதிர்வீச்சு நிலையங்கள் வச்சிருக்கு, ஆனா சேட்டிலைட் கணக்கு சரியான்னு பாக்கறதுக்கும் தரைல ஒரு பைரனோமீட்டர் சுத்தமா, சமமா, ஒப்பிட்டுத் திருத்தி நிக்கணும். அதனால யாராவது 6 யூனிட் வரும், 7 யூனிட் வரும்னு சொன்னா எந்த ஊர், எந்த மாசம், எத்தன வருஷ சராசரின்னு கேளுங்க, பதில் வரலன்னா வேற ஆள பாருங்க.